ஒரு வலிக்கு ஆறு மூச்சு: பிரசவத்துக்கு எந்தப் பயிற்சியை எடுப்பது?

ஏழாம் மாதம் பிறந்ததும் கைபேசிக்கு எப்படித்தான் தெரியுமோ, லமாஸ் வகுப்பு, ஹிப்னோபர்த்திங் ஆடியோ, கர்ப்பிணி யோகா, ஆன்லைன் பிராணாயாமம் என்று விளம்பரங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பெயர்தான் வேறு வேறு, தருகிற வாக்கு ஒன்றுதான்: மூச்சைச் சரியாக விட்டால் வலி குறையும், சுகப்பிரசவம் ஆகும். இதன் முதல் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால், இந்த முறைகள் எங்கே வேறுபடுகின்றன, நம் ஊர் லேபர் வார்டுக்குள் எது தாக்குப்பிடிக்கும் என்று பார்த்துவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை என்று யோசிப்பதற்கு முன், பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவமனையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "வலி எடுத்த பிறகு என்கூட உள்ளே யார் இருக்கலாம்?" அவர்கள் சொல்லும் பதிலிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

மூச்சு என்ன செய்யும், என்ன செய்யாது

எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும். இந்தச் சுற்றை 1930களிலேயே எடுத்துச் சொன்னவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர். பயத்தில் அட்ரினலின் ஏறினால் கருப்பைக்குப் போகிற ரத்தம் குறையும், வலியை முன்னெடுத்துச் செல்லும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் வேலையும் தடைபடும். அதற்கு எதிராக நம் கையில் இருக்கும் ஒரே கைப்பிடி மூச்சு. இதயத்துடிப்பை நாமாகக் குறைக்க முடியாது, மூச்சை மட்டும் மெதுவாக்க முடியும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் துடிப்பும் தணியும், தோளும் தாடையும் தளரும்.

வலி இதனால் மறைந்துவிடுமா? மறையாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, தளர்வு முறைகளைப் பற்றி 2018ல் வெளியிட்ட தொகுப்பு, இவை வலியின் கடுமையைக் குறைக்கக்கூடும் என்கிறது. ஆனால் சான்றுகளின் தரம் குறைவு என்றும் கூடவே சொல்கிறது. சிசேரியன் குறையும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதே 2018ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில், வலிக்கு நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, இசை போன்றவற்றைத் தரலாம் என்று இருக்கிறது. எபிடியூரல், அதாவது முதுகில் போடும் வலி நிவாரண ஊசி போட்டுக்கொள்வதையும் அதே ஆவணம் பரிந்துரைக்கிறது. ஆக மூச்சா ஊசியா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். ஊசி போடும்வரைக்கும், ஊசி போட வசதி இல்லாத இடத்திலும், கையில் இருப்பது மூச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. வலியில் மூச்சு தானாகவே வேகமாகும். வேகவேகமாக வாங்கிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்துவிடும். உதடு மரத்துப்போகும், விரல் நுனி சுருக்சுருக்கென்று குத்தும், தலை சுற்றும், சிலருக்குக் கைவிரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும். அந்த நிலை நீடித்தால் குழந்தைக்குப் போகும் ஆக்ஸிஜனும் குறையலாம். அதனால் எந்த முறையாக இருந்தாலும், அது மூச்சை வேகப்படுத்தச் சொல்கிறதா, மெதுவாக்கச் சொல்கிறதா என்பதுதான் என் முதல் உரைகல்.

லமாஸ்

சினிமாவில் பார்க்கிற "ஹீ... ஹீ... ஹூ..." இங்கிருந்து வந்ததுதான். பெர்னாண்ட் லமாஸ் பிரெஞ்சு மருத்துவர். 1951ல் சோவியத் நாட்டுக்குப் போனபோது, பாவ்லோவின் பழக்கமூட்டல் கொள்கையை வைத்துப் பெண்களைப் பிரசவத்துக்குத் தயார்செய்வதைப் பார்த்தார். அதைக் கொண்டுவந்து பாரிசில் உலோகத் தொழிலாளர்களின் மருத்துவமனை ஒன்றில் நடைமுறைப்படுத்தினார். அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் 1959ல் அதைப் புத்தகமாக எழுத, அமெரிக்காவில் பற்றிக்கொண்டது. வலி வந்தவுடன் குறிப்பிட்ட மூச்சு முறைக்கு மனம் தானாகத் தாவ வேண்டும், அப்படித் தாவினால் வலியின் செய்தி பின்னுக்குப் போகும் என்பது கணக்கு. வலி ஏற ஏற மூச்சின் வகையும் மாறும்: முதலில் நிதானமான மூச்சு, அப்புறம் மேலோட்டமான வேக மூச்சு, கடைசியில் ஊதுவது.

பிரச்சினை அந்த நடுப்பகுதியில்தான். கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்த பிறகு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வலி வரும்போது, இப்போது எந்த வகை மூச்சு என்று யாருக்கு நினைவிருக்கும்? நினைவிருந்தாலும், அந்த வேக மூச்சு மேலே சொன்ன மரத்துப்போதலுக்கு வாசலைத் திறந்துவிடும். லமாஸ் அமைப்பினரே இன்று இந்த வரிசையைக் கட்டாயம் என்று சொல்வதில்லை. வலி தானாகத் தொடங்கக் காத்திருப்பது, நடமாடுவது, துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது, மல்லாந்து படுக்காமல் இருப்பது, உந்துதல் வரும்போது முக்குவது என்று அவர்களுடைய அழுத்தம் வேறு பக்கம் போய்விட்டது. அதனால் லமாஸ் வகுப்பு என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் சேர்வதற்கு முன், அங்கே கற்பிப்பவரிடம் பேசிப் பாருங்கள். "ஹீ ஹீ ஹூ"வையே மணிக்கணக்கில் சொல்லித்தருகிறார் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வரலாம். வலி எப்படி வரும், எந்தப் பக்கம் சாய்ந்தால் இடுப்புக்கு இதம், எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது, டிரிப் போடுகிறோம் என்றால் என்ன கேட்பது, இதையெல்லாம் சொல்லித்தருகிறார் என்றால் அந்த வகுப்புக்குக் கொடுக்கிற காசு தகும். முதல் பிரசவமாக இருந்தால் இன்னும் தகும்.

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பிராட்லியின் முறையும் உண்டு. 1960களில் புத்தகமாக வந்து பரவியது. வயிறு ஏறி இறங்கும் ஆழ்ந்த மூச்சு, உடம்பை முழுக்கத் தளர்த்துவது, எல்லாவற்றுக்கும் கணவரே பயிற்சியாளர். மூச்சுப் பகுதி எனக்குப் பிடித்ததுதான். ஆனால் கணவர் உள்ளே வர முடியாத மருத்துவமனையில் இந்த முறையின் அச்சாணியே கழன்றுவிடும்.

ஹிப்னோபர்த்திங்

1989ல் மேரி மோங்கன் என்ற அமெரிக்கர் வடிவம் கொடுத்த முறை இது. ஆழ்ந்த தளர்வு நிலைக்குப் போகப் பழகுவது, பிரசவத்தைப் பற்றிய பயங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவைப்பது, தினமும் ஒரு ஒலிப்பதிவைக் கேட்பது. வலியே இல்லாத பிரசவம் என்று சிலர் விற்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். 2015ல் பிரிட்டனில் 680 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு வெளிவந்தது. சுய ஹிப்னாசிஸ் கற்றவர்களும் கற்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எபிடியூரல் கேட்டார்கள். ஆனால் கற்றவர்களுக்கு, தாங்கள் முன்பு எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் பிரசவ நேரத்துப் பயமும் பதற்றமும் குறைவாக இருந்தன. யாருக்கு இது உதவும் என்பதற்கு அந்த முடிவே விடை. இரவில் தூக்கம் வராமல், அக்கா பட்ட பாட்டையும் பக்கத்து வீட்டுக் கதையையும் நினைத்துப் புரள்கிற பெண்ணுக்கு இந்த முறை நல்லது. பயம் பெரிதாக இல்லாதவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டைகள். ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரம்மாவின் குரலில், கடற்கரை, காடு என்று போகும். புரியாமல் இல்லை. ஆனால் தளர்வது என்பது நாம் தூங்கப்போகும்போது பேசுகிற மொழியில்தான் சட்டென்று நடக்கும். பதிவை வாங்கினால் முதல் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். கண் சொருகாமல் அர்த்தம் பார்த்துக்கொண்டே இருந்தால் அது உங்களுக்கானது இல்லை. இரண்டாவது, கைபேசியை வெளியே வைக்கச் சொல்லும் லேபர் வார்டுகள் உண்டு. ஹெட்போன் இல்லாமல் இந்தத் தளர்வு வராது என்ற பழக்கத்தில் போய் நின்றால் திண்டாட்டம்தான்.

பிராணாயாமம், யோக நித்திரை, ஜெபம்

நமக்குப் பக்கத்திலேயே கிடைப்பது இதுதான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. செக்கப்புக்குப் போகும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிராணாயாமம் என்ற பெயரில் வருவதெல்லாம் கர்ப்பிணிக்கு ஆகாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான, வயிற்றை உதறும் பயிற்சிகளை விட்டுவிட வேண்டும். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகமும் வேண்டாம். மூக்குத் துளைகளை மாற்றி மாற்றிச் செய்யும் நாடிசுத்தி தினசரிப் பயிற்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் வலி நேரத்தில், ஒரு கையில் கட்டில் கம்பியையும் மறு கையில் அம்மாவின் முந்தானையையும் பிடித்திருக்கும்போது, மூக்கை மூட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

வார்டுக்குள் உண்மையாக உதவக்கூடியது பிரமரி, அதாவது வண்டு ரீங்காரம். "ம்ம்ம்..." என்று அடித்தொண்டையில் நீட்டினால் வெளிமூச்சு தானாகவே நீண்டுவிடும், எண்ணவே வேண்டாம். தாடையும் இறுகாது. வீச்சென்று கத்தும்போது தோள் ஏறுகிறது, தொண்டை இறுகுகிறது. தாழ்ந்த குரலில் முனகும்போது அப்படி ஆவதில்லை. வலியில் முனகுகிற பெண்ணைச் "சத்தம் போடாதே" என்று அடக்குவது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. அது அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்த மூச்சுப் பயிற்சி.

மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்தும் யோக நித்திரைக்கும் சவாசனத்துக்கும் ஒரு திருத்தம் தேவை. மாதம் ஏறிய பிறகு மல்லாந்து படுத்தால், கருப்பையின் கனம் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தித் தலைசுற்றலைக் கொண்டுவரும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள். கர்ப்பிணி வகுப்பு என்று சொல்லிக்கொண்டு எட்டாம் மாதப் பெண்ணை அரைமணி நேரம் மல்லாக்கப் படுக்கவைக்கும் ஆசிரியரிடம் மறுநாள் போக வேண்டியதில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, ரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவ ஆபத்து இருந்தாலோ ஆசனங்களுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவான மூச்சுக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை.

யோகாவில் நாட்டமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2001ல் இத்தாலிய ஆய்வாளர்கள், ஒரே ஆட்களை லத்தீனில் ஜெபமாலையும் "ஓம் மணி பத்மே ஓம்" மந்திரமும் சொல்லவைத்து அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. சாதாரணமாக நாம் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறோம். ஆக, பாட்டி சொல்லிக்கொடுத்த சுலோகமோ, தஸ்பீஹோ, ஜெபமாலையோ ஏற்கெனவே நாக்கில் இருப்பவருக்குப் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரிதான். புதிதாக ஒன்றை மனப்பாடம் செய்வதைவிட அதையே நீளமான வெளிமூச்சில் சொல்லிப் பழகலாம்.

தசையைத் தளர்த்துவது

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் எழுதிவைத்த முறை. ஒவ்வொரு தசையாக இறுக்கி விடுவது, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது. காசில்லாமல் வீட்டிலேயே செய்யலாம். பிரசவ நேரத்தில் இறுக்கும் வேலை வேண்டாம், தளர்த்துவது மட்டும் போதும். இதையும் துணைக்கு இருப்பவர்தான் நடத்தித்தர வேண்டும். பல்லைக் கடிக்கிறாளா, தோள் காது வரைக்கும் ஏறுகிறதா, கால் கட்டைவிரல் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் கையை வைத்தால் போதும். "ரிலாக்ஸ் ஆகும்மா" என்று பத்துத் தடவை சொல்வதைவிட, தோளில் வைத்த சூடான உள்ளங்கை அதிகம் பேசும்.

துணைக்கு யார்?

பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருப்பதைப் பற்றிய 2017 காக்ரேன் தொகுப்பில் 26 ஆய்வுகள், பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். கூட ஆள் இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. மூச்சு முறைகள் எதற்கும் இவ்வளவு கனமான சான்று இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினர் ஒருவரைத் துணைக்கு விடும் ஏற்பாடு 2000களிலேயே வந்துவிட்டது. மத்திய அரசும் 2016ல் இதை அனுமதித்தது. மறைவு வசதி இருக்கும் இடங்களில் கணவரும் வரலாம். தனியார் மருத்துவமனைகளில் ஒவ்வொன்றும் ஒரு சட்டம்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு கோளாறு நடக்கிறது. பெண் வேலை பார்ப்பது சென்னையிலோ பெங்களூரிலோ. வகுப்புக்குக் கணவனும் மனைவியும் ஜோடியாகப் போய், உடற்பயிற்சிப் பந்தில் உட்கார்ந்து, மூச்சு விட்டுப் பழகுகிறார்கள். அப்புறம் வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வலி எடுக்கும்போது கூட நிற்பது அம்மா. அம்மாவுக்கு அந்த வகுப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கணவன் இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான். கட்டிய பணமெல்லாம் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது என்றே சொல்லலாம். ஆகவே உள்ளே வரப்போவது அம்மா என்றால், அம்மாவுக்கும் வருகிற முறையையே எடுங்கள். அத்தை, அக்கா, மாமியார் யாராக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

அம்மாவுக்கும் வருகிற முறை எப்படி இருக்கும்? நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. ஒரு வலி ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக ஒரு வலிக்கு ஆறு மூச்சு. கடைசிக் கட்டத்தில் வலி ஒன்றரை நிமிடம் வரை நீளலாம், அப்போது ஒன்பது. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு வீட்டில் பழகலாம். முப்பதாவது விநாடிவாக்கில் கை தானாகத் திறக்கப் பார்க்கும், மூச்சு நின்றுவிடும், புருவம் சுருங்கும். சரியாக அந்த இடத்தில்தான் துணை வேண்டும். "மூணு முடிஞ்சிருச்சு கண்ணு, பாதி தாண்டியாச்சு. ஊது... இன்னும் மெதுவா... நாலு." எண்ணுவது அம்மாவின் வேலை, விடுவது மட்டும் மகளின் வேலை. மகள் தடுமாறினால் அம்மா தானே சத்தம் கேட்கும்படி மூச்சு விட்டுக் காட்டலாம். மகளின் மூச்சு அதோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு டிவி விளம்பர இடைவேளையில் இரண்டு தடவை செய்தாலே போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

முக்கும் நேரத்தில் இந்தக் கணக்கு மாறும். "மூச்ச அடக்கி முக்கும்மா, விடாத, விடாத" என்பது நம் வார்டுகளின் தேசிய கீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளின்படி, பெண்ணுக்கு எப்போது உந்துதல் வருகிறதோ அப்போது, அவள் போக்கில் முக்க விட வேண்டும். இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவைக்கலாம். வார்டுக்குள் ஸ்டாஃப் நர்ஸோடு வாதம் செய்ய அது நேரமில்லை. தலை வெளிவரும் நொடியில் "முக்காதே, ஊது" என்பார்கள். அப்போது "ஃபூ ஃபூ" என்று சின்னச் சின்னதாக ஊதினால் குழந்தையின் தலை மெதுவாக வெளிவரும், கிழிசலும் குறையலாம். எபிடியூரல் போட்டிருந்தால் உந்துதல் மங்கலாகத்தான் தெரியும், எப்போது முக்குவது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டியிருக்கும்.

சிசேரியனையும் கணக்கில் வைத்தே தேர்ந்தெடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. "எங்கள் முறையில் பழகினால் ஆபரேஷனே வராது" என்று சொல்லும் பயிற்சி, ஆபரேஷன் ஆன பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. அதற்கு மாறாக மெதுமூச்சு ஆபரேஷன் அறைக்குள்ளும் கூட வரும். முதுகுத்தண்டில் ஊசி போட வளைந்து உட்காரச் சொல்லும்போது, பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போது, மறுநாள் முதல்முறை கட்டிலிலிருந்து எழும்போது அதே நாலு, அதே ஆறு.

என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பேன். எல்லோருக்கும் பொதுவாக அந்த ஆறு மூச்சும் ரீங்காரமும், உள்ளே வரப்போகிறவரோடு சேர்ந்து, காசில்லாமல். முதல் பிரசவம், கேள்விகள் நிறைய என்றால் அதன்மேல் ஒரு நல்ல வகுப்பு, லமாஸ் என்ற பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் ஹிப்னோபர்த்திங், தமிழில் நடத்துபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. முந்தைய பிரசவத்தின் நினைவு இன்னும் உலுக்குகிறது என்றால் ஆடியோ போதாது, மனநல ஆலோசகரைப் பார்ப்பதே சரி. உடம்பு பிடிப்பு, முதுகுவலி என்றால் கர்ப்பிணி யோகா. உள்ளே யாரையும் விடமாட்டோம் என்று மருத்துவமனை சொன்னால், மருத்துவமனையை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ரீங்காரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கு எண்ண ஆள் வேண்டாம்.

பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வலி வந்தால், தலைவலியோடு கண் மங்கினால் மூச்சை எண்ணிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. எந்த வகுப்பு என்ன சொல்லியிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.